நம் வட்டாரத்தில் கறவை மாடு வந்த வரலாறு



ஜூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறு, பணியாற்றிச் சென்ற குருக்களின் வரிசை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் ஆகியவை இடம்பெறுவது முறை. அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வேறொரு பொருள். கோவிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த நம் முன்னோர், ஆண்டுதோறும் திருவிழா வரியைத் தவறாமல் கொடுத்த நம் குடும்பங்கள், எதைக் கொண்டு பிழைத்தார்கள்? கேழ்வரகும் கொள்ளும் விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், மளிகைக் கடைப் பாக்கியும், வைத்தியச் செலவும் கடந்த இரண்டு தலைமுறைகளாகப் பெரும்பாலும் பால் காசில்தான் தீர்ந்தன என்றால் அது மிகையாகாது. அந்தப் பால் எப்படி வந்தது, யார் கைவழியாக வந்தது, இனியும் வருமா என்பதை எழுதி வைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

ஏருக்கு வளர்த்த மாடு

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உத்தனப்பள்ளி அமைந்துள்ளது. ஒரு பக்கம் சானமாவுக் காடு, சுற்றிலும் சிறு குன்றுகள், மழையை நம்பிய ஏரிகள், செம்மண் நிலம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும் நாடு இது. கேழ்வரகு, கொள்ளு, அவரை, சோளம் ஆகியவையே நெடுங்காலமாக இம்மண்ணின் பயிர்கள்.

இங்கே மாடு இல்லாத காலமே கிடையாது. ஆனால் அது கறவைக்கு வளர்த்த மாடு அன்று. ஏருக்கும், கவலை இறைப்பதற்கும், வண்டிக்கும் வளர்த்த மாடு. மைசூர்ச் சீமையின் ஹள்ளிக்கார் இனமும், காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயர் தாங்கிய ஆலம்பாடி இனமும் நம் பகுதியில் பேர் பெற்றவை. நீண்ட கொம்பு, ஒடுங்கிய முகம், வேகமான நடை. மைசூர் மன்னர்கள் படைத் தளவாடங்களை இழுப்பதற்காகவே தனி மாட்டு மந்தைகளை வைத்திருந்தனர். திப்பு சுல்தான் காலத்தில் அம்மந்தைக்கு அமிர்த மஹால் என்ற பெயர் நிலைத்தது. 1791-ல் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. 1799-ல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதி கம்பெனியார் ஆட்சியில் சேலம் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அரசுகள் மாறினாலும் மாட்டின் வேலை மாறவில்லை. இன்றும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், உழவு மாட்டின் மேல் இம்மக்களுக்கு இருக்கும் பற்று விளங்கும்.

அந்நாளில் பசு கொடுத்த பால் கன்றுக்குப் போக ஒரு படி, அரைப் படிதான். அதில் குழந்தைக்குக் கொஞ்சம், மீதி தயிர். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, உருக்கி நெய்யாக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். மோர் அக்கம்பக்கத்தாருக்கு இலவசம். பாலை விலைக்கு விற்பது குடும்பத்துக்குக் குறைவு என்று எண்ணிய வீடுகளும் இருந்தன. நிலமில்லாதவர்கள் பெரிய வீட்டுக் கிடாரியை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, அது ஈன்றபின் மாட்டுக்கு விலை மதித்து, ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொள்வார்கள். ஏழையின் வாசலில் மாடு நின்றது அந்த ஒரு வழியில்தான்.

மழை பொய்த்தால் முதலில் சாவது மாடு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மனிதருக்கே கூழில்லாத காலத்தில் மாட்டுக்குத் தீவனம் ஏது? பஞ்சம் போக, வெக்கை நோய் என்ற கொள்ளை நோய் வந்தால் ஒரே வாரத்தில் தொழுவம் காலியாகும். தடுப்பூசியின் பயனால் அந்நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. நம் இளைஞர்கள் அதன் பெயரைக்கூட அறியாதது நல்ல காலத்தின் அடையாளம்.

மத்திகிரிப் பண்ணை

நம் ஊருக்கு அண்மையிலுள்ள மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு பண்ணையை ஏற்படுத்தினர். படைக்குக் குதிரை வளர்ப்பதே அப்போது நோக்கம். 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பு, இருபதாம் நூற்றாண்டில் குதிரைகளை விட்டு மாடுகளுக்கு உரியதாயிற்று. ஓசூர் கால்நடைப் பண்ணை என்று நாடெங்கும் அறியப்பட்டது அதுவே. அங்கே பணியாற்றிய லிட்டில்வுட் என்ற ஆங்கிலேய அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூல் 1936-ல் வெளியாயிற்று. சிவப்புச் சிந்தி என்னும் கறவை இனப் பசுக்களும் அப்பண்ணையில் வளர்க்கப்பட்டன.

எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் இதே வேலை நடந்தது. 1923-ல் அங்கே அரசினர் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1927-ல் உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள் அந்நிலையத்துக்குச் சென்று மாடு வளர்ப்பு முறைகளைக் கேட்டறிந்தார். அதன் தலைமையிடம் 1955-ல் வடக்கே கர்னாலுக்கு மாறியது. பெங்களூரில் கிளை தொடர்ந்தது.

இவ்வளவு பெரிய பண்ணை பக்கத்திலேயே இருந்தும், அதன் பயன் நம் தொழுவங்களுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. பண்ணையில் கூலிக்குப் போனவர்கள், சாணம் அள்ளினவர்கள், அங்கே ஒரு பசு எட்டுப் படி கறக்கிறது என்று வந்து சொன்னபோது ஊரார் நம்பவில்லை என்று நம் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். காரணம் எளியது. நல்ல மாடு இருந்தால் மட்டும் போதாது. கறந்த பாலை அன்றைக்கே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பால் நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைக்கும் பண்டம் அன்று. சில மணி நேரத்தில் திரிந்துபோகும். வாங்குவாரில்லாத ஊரில் எட்டுப் படி கறக்கும் பசு வீட்டுக்குப் பாரமே.

கோவில் வாசலில் பால்மாவு

அறுபது எழுபது வயதைக் கடந்த நம் பங்கின் பெரியோருக்கு மற்றொரு காட்சி நினைவிருக்கும். 1954-ல் அமெரிக்க நாடு பி.எல். 480 என்னும் சட்டத்தை இயற்றியது. அதன்படி அந்நாட்டின் உபரித் தானியமும் பால்மாவும் நம் நாட்டுக்கு வந்தன. அவற்றின் ஒரு பகுதி கத்தோலிக்க நிவாரண சேவை அமைப்பின் வழியாகப் பல ஊர்களின் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் கிடைத்தது. பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க, மாவைக் கரைத்து, வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் டம்ளர்களில் ஊற்றுவார்கள். அந்தப் பாலின் வாசனை சிலருக்குப் பிடிக்காது, பசிக்குப் பிடித்தது.

உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்த டம்ளர் பாலில் உயிர் பிழைத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் மாடு வளர்க்கும் குடியானவன் வீட்டுப் பிள்ளை கடல்கடந்து வந்த மாவுக்குக் கையேந்தி நின்றது ஏன் என்பதே கேள்வி. மாடு இருந்தது, பால் இல்லை. பால் இருந்த இடத்தில் சந்தை இல்லை. சந்தை இருந்த நகரத்தில் இடைத்தரகர் வைத்ததே விலை.

ஆனந்த் காட்டிய வழி

இந்தக் கேள்விக்கு விடை குஜராத்தில் கிடைத்தது. கேடா மாவட்டத்துப் பால்காரர்கள், தங்கள் பாலை மலிவாக வாங்கிப் பம்பாயில் நல்ல விலைக்கு விற்ற நிறுவனத்துக்கு எதிராக 1946-ல் பதினைந்து நாள் பால் கொடுக்க மறுத்தனர். சர்தார் பட்டேலின் ஆலோசனைப்படி அதே ஆண்டு தங்களுக்கென்று கூட்டுறவு ஒன்றியம் அமைத்தனர். திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவர். 1949 மே மாதம் அங்கே ஒரு அரசாங்கப் பொறியாளராக வந்து சேர்ந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, நம் சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திரும்பிவிட எண்ணியிருந்தவர், ஆனந்த் நகரிலேயே வாழ்நாளைக் கழித்து 2012-ல் மறைந்தார்.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்துக்குச் சென்று, ஒரு கிராமத்தில் இரவு தங்கி, இம்முறை நாடெங்கும் பரவ வேண்டும் என்றார். 1965-ல் தேசியப் பால்வள வாரியம் தோன்றியது. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போதும் வெளிநாட்டுப் பால்மாவு வந்தது. ஐரோப்பிய நாடுகள் நன்கொடையாகக் கொடுத்தன. ஆனால் அதை இலவசமாகப் பங்கிடவில்லை. நகரங்களில் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு கிராமச் சங்கங்களையும் குளிர்விப்பு நிலையங்களையும் தீவன ஆலைகளையும் அமைத்தார்கள். அதே மாவுதான், ஒரு முறை பசியாற்றியது, மறு முறை தொழில் கொடுத்தது. தருமம் செய்வோரும் பெறுவோரும் சிந்திக்கத் தக்க பாடம் இது.

தமிழகத்தில் சென்னை அயனாவரத்தில் 1920-களிலேயே பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. 1958-ல் பால்வளத்துறை தனித்துறை ஆயிற்று. 1972-ல் தமிழ்நாடு பால்வள மேம்பாட்டுக் கழகமும், 1981-ல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையமும் அமைந்தன. ஆவின் என்று வீடுதோறும் சொல்லும் பெயர் இவ்வழியில் வந்ததே. கிராமத்தில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், மாநிலத்தில் இணையம் என்ற மூன்றடுக்கு முறை இது. எல்லைக்கு அப்பால் கருநாடகத்தில் 1970-களின் நடுவில் உலக வங்கி உதவியுடன் இதே அமைப்பு தொடங்கியது; நந்தினி என்பது அதன் பெயர். நம் ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ளவை.

சீமைப் பசுவின் வருகை

சந்தை வந்தபின்தான் கறவை மாடு வந்தது. தமிழக அரசின் இனவிருத்திக் கொள்கைப்படி சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பாங்கான குளிர்ப் பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் இனங்களின் கலப்பு. ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சி இவ்விரண்டுக்கும் ஏற்றதாக இருந்தது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடத் தொடங்கிய காலத்தில் மக்கள் அஞ்சினார்கள். காளை இல்லாமல் கன்றா என்று கேலி பேசினார்கள். முதல் கன்று பிறந்து, அது வளர்ந்து, ஈன்று, வேளைக்கு நாலைந்து லிட்டர் கறந்தபின் கேலி அடங்கியது. செவலையும் கறுப்பு வெள்ளையுமாகச் சீமைப் பசுக்கள் தெருத்தெருவாக நின்றன.

1980 அக்டோபரில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. ஏழைகளுக்கு வங்கிக் கடனும் மானியமும் சேர்த்துக் கறவை மாடு வாங்கிக் கொடுத்தார்கள். நிலமில்லாத குடும்பத்தின் வாசலில் வாரமில்லாமல் சொந்த மாடு நின்றது அப்போதுதான். அதில் குறைகளும் இருந்தன. பால் வற்றிய மாட்டைப் புது மாடென்று விற்ற தரகர்கள் உண்டு. ஒரே மாட்டை இரண்டு கடனுக்குக் காட்டியவர்கள் உண்டு. தீவனம் வாங்க வழியில்லாமல் ஆறே மாதத்தில் மாட்டை விற்றுக் கடனை மட்டும் சுமந்தவர்களும் உண்டு. ஆயினும் நிலைத்து நின்ற குடும்பங்கள் ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, கூரை வீட்டை ஓட்டு வீடாக்கின.

நாட்டு மாட்டை இழந்ததையும் சொல்லத்தான் வேண்டும். சீமைப் பசு நிழலும் தண்ணீரும் மருந்தும் கேட்கும். வெயிலில் மேய்ந்து தானே பிழைத்துக்கொள்ளாது. டிராக்டர் வந்தபின் கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலையில்லை. பிறந்தது கிடாரி என்றால் வீட்டில் சிரிப்பு, காளை என்றால் மௌனம். ஆலம்பாடி மாட்டைக் குந்தாரப்பள்ளிச் சந்தையில்கூடத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பால் சங்கமும் பெண்கள் கையும்

விடியற்காலை நாலரை மணிக்கு நம் தெருக்களில் முதலில் கேட்பது கோவில் மணி அன்று. பால் சொம்பின் ஓசை. சாணம் அள்ளி, மடி கழுவி, கன்றை ஊட்டவிட்டுக் கட்டி, கறந்து, நுரை அடங்குமுன் சங்கத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மாலையிலும் அதே வேலை. மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, கடன் திருநாளும் இல்லை. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து, புதுச்சேலையை மாற்றிக்கொண்டு, உறங்காமலே கொட்டகைக்குள் போன தாய்மார்களை நாம் எல்லாரும் அறிவோம். ஜனவரி 17-ல் வனத்து அந்தோனியார் திருநாளும் பொங்கலும் அடுத்தடுத்து வருவதால், மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மந்திரிக்கக் கொண்டுவரும் வழக்கம் தமிழகப் பங்குகள் பலவற்றில் உண்டு. ஆண்டில் மாட்டுக்காரிக்கு யாராவது நன்றி சொல்லும் நாள் அது ஒன்றே.

சங்கத்தில் பாலை அளந்து, பால்மானி விட்டுப் பார்த்து, கொழுப்பும் இதரச் சத்தும் எத்தனை என்று சோதித்து, அதற்கேற்ப விலை போடுவார்கள். தண்ணீர் கலந்தால் காட்டிக்கொடுக்கும். முன்பு கேன்களில் சென்ற பால் இன்று பல இடங்களில் ஊர்ப்பக்கமே நாலு டிகிரி வரை குளிர்விக்கப்பட்டு வண்டியில் செல்கிறது. தக்காளிக்கு இராயக்கோட்டைச் சந்தையில் ஒரு நாள் இருக்கும் விலை மறுநாள் இருக்காது. பறிக்கிற கூலிக்கும் கட்டாமல் வரப்பில் கொட்டிய ஆண்டுகளைக் கண்டிருக்கிறோம். பாலுக்கு அப்படியில்லை. விலை குறைவாக இருக்கலாம்; ஆனால் நாளும் உண்டு, பட்டுவாடாவும் உண்டு. 2020 ஊரடங்கில் தேநீர்க் கடைகளும் ஓட்டல்களும் மூடிக் கிடந்தபோது, சங்கத்தில் ஊற்றியவர்களுக்கு அந்த வேறுபாடு தெளிவாக விளங்கியது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் பெண்கள் கையில் பணம் வந்தது. விளைச்சல் காசு ஆண்கள் கைக்குப் போகும். அதில் ஒரு பகுதி வீட்டுக்கு வராமலே போகும் கடைகள் எவை என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பால் காசு அப்படியன்று. கறந்தவள் கணக்கு வைப்பாள். மகளிர் பால் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபின் கையெழுத்துப் போடப் பழகியவர்கள், பிறகு வங்கிக்கும் தனியே சென்றார்கள். நம் பங்கிலிருந்து செவிலியராகவும் ஆசிரியராகவும் சென்ற பெண் பிள்ளைகளின் பின்னால் ஒரு தாயும் ஒரு மாடும் இருப்பதைக் காணலாம்.

குறையையும் மறைக்க வேண்டாம். நம் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் ஒரு காலத்தில் சோதனை அளவைச் சொல்லாமலே சீட்டெழுதினார்கள். பட்டுவாடா வாரக்கணக்கில் தள்ளிப்போயிற்று. கேட்கப் போன பெண்களை, உனக்கென்ன தெரியும் என்று திருப்பி அனுப்பினார்கள். பெயர் சங்க உறுப்பினர் பட்டியலில் கணவனுடையது, உழைப்பு மனைவியுடையது. ஆதலால் பொதுக்குழுவில் பேச அவளுக்கு இடமில்லை. பொறுத்துப் பார்த்துச் சிலர் தனியார் வண்டிக்கு மாறினார்கள். தனியார் போட்டி வந்ததால் விலை சற்று உயர்ந்தது உண்மை. பால் பெருகும் மாதங்களில் அதே வண்டி வராமல் நின்றதும் உண்மை.

ஆலைகள் வந்தபின்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் எழுந்தது. அசோக் லேலண்ட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரம் வந்தது. ஆலையும் மாடும் அந்நாளில் பகைவர் அல்லர். டி.வி.எஸ். 50-யின் இருபுறமும் பால் கேன் கட்டிப் போகாத சாலை நம் பக்கம் இல்லை. ஆலைத் தொழிலாளர் குடியேறியதால் வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் தொழிலும் பெருகியது. மூத்தவன் ஷிப்டுக்குப் போவான். தாய் மாட்டைப் பார்ப்பாள். இரண்டு வருமானத்தில் குடும்பம் நிமிரும்.

இன்றைய நிலை வேறு. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபின்பும் தொழில் வளர்ச்சி பெரும்பாலும் ஓசூரைச் சுற்றியே இருந்தது. 2020-க்குப் பின் மின்னணு உதிரிபாக ஆலை நாகமங்கலம் பக்கம் வந்ததும் உத்தனப்பள்ளிச் சாலையின் முகமே மாறிவிட்டது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பெற்றிருக்கிறார்கள், அது நல்லதே. அதே சமயம், 2023 தொடக்கத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் விவசாயிகள், தொழிற்பேட்டைக்காக விளைநிலங்களை எடுக்கக்கூடாது என்று பல நாட்கள் காத்திருப்புப் போராட்டம் நடத்தியதையும் நாம் கண்டோம். நிலத்தைக் கொடுப்பதா, காப்பதா என்பதில் நம் குடும்பங்களிலேயே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். யார் சரி என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. கணக்கைச் சொல்வது மட்டும் நம் கடமை.

கணக்குப் பார்த்தால்

ஒரு கலப்பினப் பசு ஓர் ஈற்றில் ஏறக்குறைய 300 நாள் கறக்கும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். ஈனுமுன் இரண்டு மாதம் கறவையை நிறுத்த வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி எட்டு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. கருநாடகத்தில் அத்தகைய ஊக்கத்தொகை 2008-லேயே தொடங்கி 2016-ல் 5 ரூபாயை எட்டிவிட்டது. எல்லையில் வாழும் நாம் இதை நன்றாக அறிவோம். 38 ரூபாய் வீதம் எட்டு லிட்டருக்கு நாள் வரவு 304 ரூபாய். பார்வைக்கு நல்ல தொகை.

செலவோ தீவனத்தில் இருக்கிறது. பால் உற்பத்திச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது என்பது கால்நடை மருத்துவர்கள் கூறும் கணக்கு. உடல் பிழைப்புக்கு ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், அதற்கு மேல் இரண்டரை அல்லது மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, பசும்புல் இருபது கிலோவுக்குக் குறையாமல், உலர் தீவனம் ஐந்தாறு கிலோ. இதில் பசும்புல்லும் கேழ்வரகுத் தாளும் சொந்த நிலத்தில் கிடைத்தால் மாடு லாபம். எல்லாவற்றையும் மூட்டையில் வாங்கினால் மாடு நட்டம். தண்ணீர் இருந்தால் பத்து சென்ட் நிலத்தில் கோ-4 போன்ற தீவனப்புல் ஒரு மாட்டுக்குப் போதும். ஆக, நம் பால் தொழிலின் உயிர் மாட்டில் மட்டும் இல்லை. அந்தப் பத்து சென்ட் நிலத்திலும் இருக்கிறது.

இதை எண்ணாமல் நிலத்தை விற்றவர்களின் கதையையும் பார்த்திருக்கிறோம். கையில் பெரிய தொகை வந்தது. வீடு கட்டினார்கள், வண்டி வாங்கினார்கள், மகளுக்குச் சீர் செய்தார்கள். மாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் வைக்கோல் கட்டு வாங்கியே பால் காசு தீர்ந்தது. ஆறாம் மாதம் மாடும் போயிற்று. ஆலையில் வேலை மகனுக்குக் கிடைத்தது. ஐம்பது வயதுத் தாய்க்கு யார் கொடுப்பார்? அவளுக்கென்று இருந்த ஒரே வருமானம் கொட்டகையோடு மூடிப்போயிற்று. நிலத்தோடு மேய்ச்சல் புறம்போக்கும் வேலிக்குள் போனால், நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இழப்பீடும் இல்லை, புல்லும் இல்லை. காட்டோரம் விளைந்த கேழ்வரகை யானை தின்றால், தானியத்தோடு தாளும் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

வரலாறு எழுதுவது பெருமை பேசுவதற்காக மட்டும் அன்று. நம் கைக்கு எட்டும் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நிலத்தை விற்க நேர்ந்தவர்களும் தீவனப்புல்லுக்கென்று கிணற்றடியில் பத்து, இருபது சென்ட்டையாவது நிறுத்திக்கொள்வது நல்லது. நிலமில்லாதவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துப் புல் வளர்க்கலாம். மழைக்காலத்து உபரிச் சோளத்தட்டையை நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாக வைத்தால் கோடைக்கு உதவும்.

இரண்டாவது, 2019 முதல் நாடெங்கும் கோமாரி நோய்க்கு ஆண்டுக்கு இருமுறை இலவசத் தடுப்பூசி போடும் திட்டம் நடக்கிறது. முகாம் வரும் நாளில் மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிட வேண்டாம். 2022-ல் தோல் கழலை நோய் வடமாநிலங்களில் எத்தனை தொழுவங்களைக் காலியாக்கிற்று என்பதைச் செய்தித்தாள்களில் படித்தோம். காதில் தோடு போட்டுக் காப்பீடு செய்ய ஆகும் பணம், மாடு செத்தபின் அழும் அழுகையை விடச் சிறிது.

மூன்றாவது, சங்க உறுப்பினர் பெயர் கறப்பவள் பெயராக இருக்கட்டும். பொதுக்குழுவுக்குப் போவோம். சோதனை அளவைக் கேட்டு வாங்கிப் புத்தகத்தில் பதிவோம். சங்கம் நமது என்று பேசுவதோடு நில்லாமல், கணக்குக் கேட்கவும் துணிய வேண்டும். ஆனந்தில் நடந்ததும் அதுதான். அங்குள்ளவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் அல்லர்.

நான்காவது, படித்த பிள்ளைகள் மாட்டுச் சாணத்தின் வாடையை வெட்கமாக எண்ணாதிருப்பார்களாக. எல்லாரும் மாடு வளர்க்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆலை வேலை வேண்டாம் என்றும் கூறவில்லை. ஆனால் உலகத்திலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு 1998 முதல் இந்தியாதான். அந்தப் பெருமை பெரிய பண்ணைகளால் வரவில்லை. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்த கோடிக்கணக்கான வீடுகளால் வந்தது. அவற்றுள் நம் வீடுகளும் அடங்கும்.

ஒரு காலத்தில் பால்மாவுக்கு டம்ளர் ஏந்தி நின்ற நம் பங்கு, இன்று ஒவ்வொரு விடியலிலும் பிறர் பிள்ளைகளுக்குப் பால் அனுப்புகிறது. இந்த மாற்றம் நடந்ததை நம் கண்களால் கண்டோம். அடுத்த ஜூபிலி மலரில் இதே பொருளை எழுதுகிறவர்கள், நம் ஊரில் முன்பு மாடுகள் இருந்தன என்று தொடங்குவார்களா, இன்றும் இருக்கின்றன என்று தொடங்குவார்களா? அது ஆலைக்காரர் கையிலும் அரசாங்கத்தார் கையிலும் ஓரளவுக்கு உண்டு. கிணற்றடிப் பத்து சென்ட் நிலத்தை என்ன செய்வது என்று இன்றிரவு வீட்டில் பேசப்போகும் நம் கையிலும் உண்டு.

விடியுமுன் எழுந்து, கறந்து, சுமந்து, கணக்கு வைத்து, இந்தப் பங்கை வளர்த்த தாய்மார்கள் அனைவருக்கும் இக்கட்டுரையைக் காணிக்கையாக்குகிறோம்.